மூடை நிரம்பாத நாலு செக்கன்

மல்லாவிச் சந்தியில் ரயர் கடைக்கு மேலே என் கடை.
ஏணி மாதிரிப் படி. ஒரு கணினி.
ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறி.
காலபோக வெட்டு முடிய முன்னம் வந்தார்
குணநேசன் அண்ணை.
வெட்டு மெசின் எடுத்து ஏழு மாசம்.
"இணையத்தில ஒரு பக்கம் போட்டுத் தா பிள்ளை,
மன்னார்ப் பக்கமிருந்தும் ஆக்கள் கூப்பிடட்டும்."
போனை நீட்டினார்.
ஒன்றரை நிமிச வீடியோ, பாண்டியன்குளத்து வயல்.

மெசினின் கழுத்தால் நெல் கொட்டுகிறது.
இரண்டு பேர் சாக்குப் பிடிக்கிறார்கள்.
கம்பியில் ஒரு காகம்.
ஈரம் கூட என்று ஆரோ விலையை இறக்க
ஆரோ தாயையும் சேர்த்துத் திட்ட
சாக்கு நிரம்பி, வாய் கட்டி, உருட்டி விட
பத்தொன்பதாம் செக்கனில்
வரம்பால் வருகிறது ஒரு மோட்டார் சைக்கிள்.
சேட்டை உள்ளே விட்ட பெடியன், கக்கத்தில் பைல்.
லீசிங்காரன்.

"அவன் வரமுன்னம் வெட்டு" என்றார்.

வீடியோவாகவே பதிக்கலாம், சொன்னேன்,
ஆனால் அது வேறொருவர் வளவில் கிடக்கும்.
வேலியில் ஓட்டை வைத்து எட்டிப் பார்ப்பது மாதிரி.
வளவுக்காரர் ஒரு நாள் எடுத்து விட்டால்
எங்கள் பக்கத்தில் மிஞ்சுவது சாம்பல் சதுரம்.
பெர்மிட் காணியில் பதினேழு வருசம் இருந்தவருக்கு
இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.
முக்கோணத்தில் விரல் படும் வரைக்கும்
வீடியோ காத்துக்கொண்டும் கிடக்கும் என்றேன்.
"அமத்தாட்டி ஓடாத மெசின் ஆருக்கு வேணும்?"

அப்ப ஜிஃப்.
எங்கள் பக்கத்திலேயே குடியிருக்கும்.
வாய் இல்லை. தானாக ஓடும், தானாகத் திரும்பும்.
ஆனால் இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்கு மேல் தாங்காது,
நெல்லின் மஞ்சள் பொரிப்பொரியாய் உடையும்.
அந்த நாலு செக்கனே
முழு வீடியோவையும் விடப் பாரமாகிப் போகும்.
ஐயன்கன்குளத்தில் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் திறப்பவன்
மேலிருந்து கீழாக,
நெல் வருமுன் கனநேரம் வானத்தைத்தான் பார்ப்பான்.

"பாக்கட்டும்.
வானம் பாக்காத கமக்காரன் ஆர்?"

ஆறாம் செக்கனில் தொடங்கிப் பத்தில் வெட்டினேன்.
கொட்டுகிறது, கொட்டுகிறது.
சாக்கு பாதிக்கு வரும், உடனே வெறுமையாகும்.
பிடிப்பவர் கை உளையாது.
விலை பேச ஒருவரும் இல்லை.
காகம்தான் காட்டிக் கொடுத்தது.
நாலு செக்கனில் கம்பியில் அரைச் சாண் தள்ளிப் போகும்,
தையல் வருகிற இடத்தில்
பழைய இடத்துக்குத் துள்ளி விழும்.
மூன்று இரவு அந்தக் காகத்தோடு மினைக்கெட்டேன்.
சரிவரவில்லை.
அண்ணைக்குச் சொல்லவுமில்லை.
தொடர்புக்கு என் கடை இலக்கத்தைப் போடச் சொன்னார்.
தெரியாத இலக்கங்களுக்கு
அப்போதே அவர் பதில் சொல்வதில்லை.

பங்குனியில் மெசின் போனது.
நீட்டு லொறியில், பட்டப்பகலில்,
என் யன்னலுக்குக் கீழால்.
ரயர் கடைப் பெடியளில் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தான்.
அது எந்த வளவில் கிடக்கிறதோ, நான் தேடவில்லை.

பக்கத்துக்கு ஆவணி வரை காசு கட்டியிருக்கிறார்.
எடு என்று அவர் சொல்லவில்லை.
எடுக்கட்டோ என்று நான் கேட்கவில்லை.
போன கிழமை முருங்கனிலிருந்து ஒரு குரல்:
"தங்கச்சி, மெசின் இப்ப ஓடுதோ?"
திரையைத் திறந்து பார்த்தேன்,
சாக்கு பாதிக்கு வந்திருந்தது.
"ஓடுது" என்று வாய் முந்திவிட்டது.
"எங்க ஓடுது?" என்றார் அவர்.
காகம் பின்னால் துள்ளியது.